சப்பாணிமுத்துவின் சிரிப்பு ஏலம் போன கதை

நல்லிக்கோட்டை முன்சீப் கோர்ட்டில் ஒரு மனிதனின் சிரிப்பை ஜப்தி செய்து ஏலம் போட்டார்களே, அந்த வருஷத்தில் மழை வழக்கம்போலப் பெய்யவில்லை, மிளகாய் வழக்கம்போல விலை போகவில்லை, வட்டிக்கடை ஆவுடையப்பன் வழக்கம்போலப் பெருத்தார். ஆகவே அந்த ஊருக்கு அது ஒன்றும் விசேஷமான வருஷமாகத் தெரியவில்லை.

சிரிப்பின் முதல் சொந்தக்காரன் சப்பாணிமுத்து. பேர்தான் சப்பாணி, சாமிக்கு நேர்ந்து வைத்த பேர். ஆள் இரண்டு காலிலும் திடமாக நின்று பருத்திக் கமிஷன் கடைகளில் முப்பது வருஷம் மூட்டை தூக்கினான். அவன் சிரிப்பு வாயில் தொடங்காது. மூக்கில் ஒரு சின்னச் செருமலாகப் புறப்பட்டு, தொண்டையில் சரளைக்கல் சரிவதுபோலக் கொஞ்ச தூரம் உருண்டு, கடைசியில் நீளமான ஒரு ‘ஹா’வில் போய் நிற்கும், அது நின்ற பிறகு எதிரே இருக்கிறவர் தன் வேட்டி அவிழ்ந்துவிட்டதோ என்று ஒருதரம் குனிந்து பார்த்துக்கொள்வார். தாசில்தார் குனிந்து பார்த்திருக்கிறார், கமிஷன் கடை முதலாளிகள் பார்த்திருக்கிறார்கள், ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் கட்சி வித்தியாசம் இல்லாமல் பார்த்திருக்கிறார்கள்.

பெண்டாட்டி வயிற்றில் கட்டி என்று மதுரைக்குக் கொண்டுபோவதற்கு அவன் ஆவுடையப்பனிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கினான். பெண்டாட்டி மதுரையிலேயே செத்துப்போனாள். அதன் பிறகும் ஒன்பது வருஷம் சனிக்கிழமை தவறாமல் வட்டி கட்டினான். பத்தாவது வருஷம் ஒரு சனிக்கிழமை, நடு பஜாரில், இதுவரை கட்டியதெல்லாம் வட்டிக்கே சரியாகப் போய்விட்டது, அசல் அப்படியே நிற்கிறது என்று ஆவுடையப்பன் சொன்னபோது, சப்பாணிமுத்து தலையிலிருந்த மூட்டையை இறக்காமலே சிரித்தான். ஆவுடையப்பன் குனிந்து வேட்டியைப் பார்த்தார். அவர் பார்த்ததை பஜாரே பார்த்தது. பணம் வராமல் போனதைக்கூட அவர் பொறுத்திருப்பார், அவரிடம் வராத பணம் நிறைய இருந்தது. அந்தக் குனிதலைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

கேஸ் போட்டார். சம்மன் கொண்டுவந்த கோர்ட் ஆளிடம் சப்பாணிமுத்து, ரெண்டு கையும் வேலையா இருக்கு, மூட்டை மேல வச்சிரும் என்றான், அவரும் வைத்தார், மூட்டை லாரியேறி சம்மனோடு கொல்லத்துக்குப் போய்விட்டது. எதிராளி வரவில்லை என்று தீர்ப்பு ஆவுடையப்பன் பக்கம் ஆனது. ஆனால் குச்சுவீடு வாடகை, கயிற்றுக்கட்டில் ஓனருடையது, ஜப்தி செய்ய அவனிடம் தோளில் கிடந்த துண்டு மட்டும்தான் இருந்தது. ஆவுடையப்பன் தீர்ப்பை இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஒரு நாள் சப்பாணிமுத்து மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அப்படியே போய்ச் சேர்ந்தான். தீர்ப்பு சாகவில்லை. தீர்ப்புகளுக்கு நெஞ்சு கிடையாது.

சிரிப்பும் சாகவில்லை. அது மகளிடம் இருந்தது.

மகள் வெயிலுகந்தாள், முப்பத்திரண்டு வயசு, தர்மக்கண்ணுவின் மாவு மில்லில் மிளகாய் மல்லி அரைக்கிறவள். மிஷின் இரைச்சலைத் தாண்டி அந்தச் சிரிப்பு பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். அவளைப் பெண் பார்க்க வந்த ஒருவன், மோட்டார் சைக்கிள் வாங்கித் தந்தால் கட்டிக்கொள்வதாகச் சொன்னான், அவள் சிரித்தாள், அவன் நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தான். தகப்பனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஆவுடையப்பன் மில் வாசலில் வந்து நின்று, ‘அப்பன் கடன் மகளுக்கு’ என்று தொடங்கி வாக்கியத்தை முடிக்குமுன்பே, மிளகாய்ப்பொடி படிந்த முகத்துடன் அவள் மூக்கில் செருமத் தொடங்கிவிட்டாள். அவர் வேட்டியைப் பார்க்காமல் இருக்க எவ்வளவோ முயன்றார். கழுத்து கேட்கவில்லை.

நேரே வக்கீல் பரசுராமனிடம் போய், “எனக்குப் பணம் வேண்டாம் வேய். அவ வாயை அடைக்கணும். அதுக்கு வழியப் பாரும்” என்றார்.

பரசுராமன் வழி பார்த்தார். நல்லிக்கோட்டையில் அவரைவிடக் கெட்டிக்கார வக்கீல் கிடையாது. அந்த ஊருக்கு அது போதும். செத்தவனின் வாரிசிடம் வசூலிக்க வேண்டுமானால், செத்தவனிடமிருந்து வந்த சொத்து எதுவோ அதிலிருந்து மட்டும்தான் வசூலிக்க முடியும் என்பது சட்டம். மனுப் போட்டு அவளைக் கூண்டில் ஏற்றினார்.

“உங்க தகப்பனார்கிட்ட இருந்து உங்களுக்கு வந்தது என்னென்ன?”

“ஒண்ணும் வரல.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நகை, பாத்திரம், ஆடு, கோழி?”

“எங்கப்பா எனக்கு விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான் சார்” என்று சொல்லி, அவரைப் பார்த்து அவள் சிரித்தாள். மூக்கில் செருமி, சரளைக்கல் சரிந்து, நீளமான ‘ஹா’. டைப்பிஸ்டு, டவாலி, வாய்தாவுக்கு வந்திருந்த எட்டு ஊர்க்காரர்கள், எல்லோரும் குனிந்து தங்கள் துணியைச் சரிபார்த்தார்கள். பரசுராமன் மட்டும் நிமிர்ந்தே நின்று, “கனம் கோர்ட்டார் இதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்” என்றார்.

நீதிபதி இளம் வயசுக்காரர், கடவுளைவிட மேல்கோர்ட்டுக்கு அதிகம் பயந்தவர். சொத்து என்றால் சிரிப்பு அதில் சேராது என்று சட்டப் புத்தகத்தில் எங்காவது இருக்கிறதா என்று மூன்று வாய்தா தேடினார். இல்லை. தகப்பனிடமிருந்து வந்தது என்று எதிர்மனுதாரரே ஒப்புக்கொண்டிருக்கிறார், வேறு வாரிசு இல்லை, ஆள் போகுமிடமெல்லாம் கூடவே போவதால் அது அசையும் சொத்து என்று எழுதி, ஜப்திக்கு உத்தரவு போட்டார்.

ஊரில் யாரும், சிரிப்பை எப்படி ஜப்தி செய்வது என்று கேட்கவில்லை. ஒரு வருஷம் உழவு மாட்டைப் பிடித்துப் போயிருந்தார்கள், இன்னொரு வருஷம் ஒருத்தியின் தாலிக்கொடியை, அதற்கடுத்த வருஷம் நட்ட பயிரை. எதை எடுக்க முடியும் எதை முடியாது என்கிற சந்தேகமெல்லாம் அந்த ஊருக்கு எப்போதோ தீர்ந்திருந்தது. எதில் வைத்து எடுத்துப் போவார்கள் என்பதில்தான் வாதம் நடந்தது. மண்பானை கீறும் என்றார்கள் சிலர். பித்தளையில் வைத்தால் களிம்பேறும் என்றார்கள் சிலர். அமீனா ஞானதுரை, ஓய்வு பெற ஏழு மாதம் மிச்சமிருந்த, சண்டையை விரும்பாத மனிதர், கோர்ட்டில் இதற்கென்று பாத்திரம் தரமாட்டார்கள் என்று தெரிந்து, தன் வீட்டு எவர்சில்வர் தூக்குச்சட்டியைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வெயிலுகந்தாள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

“தாயி, மொத்தமாச் சிரிச்சிரு. மிச்சம் வச்சா அதுக்கு நான் மறுபடியும் வரணும்.”

“சிரிக்கதுக்கு ஏதாவது வேணும்லா அண்ணே. சும்மா எப்படி வரும்?”

தெருவே யோசனை சொன்னது. பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள், மில் முதலாளியின் மீசையை நினைத்துக்கொள் என்றாள். ஒருவர் தொப்பென்று விழுந்து காட்டினார். எதற்கும் வரவில்லை. ஞானதுரையின் தலைக்கு மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் சட்டைப்பையிலிருந்து உத்தரவை எடுத்து, சட்டப்படி எப்படியும் படித்தாக வேண்டியதுதானே என்று, “மாட்சிமை பொருந்திய முன்சீப் நீதிமன்றத்தின் சமூகத்திலிருந்து, நீதியின் பொருட்டு” என்று சத்தமாகப் படிக்கத் தொடங்கினார்.

வெயிலுகந்தாளுக்கு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர் சட்டியை வாய்க்கு நேரே பிடித்தார். செருமலும் சரளையும் ‘ஹா’வும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே விழுந்தன, கடைசித் துணுக்கு வரை, சட்டி கனத்து அவர் மணிக்கட்டு தாழ்ந்தது. மூடியைத் திருகி, அரக்கை உருக்கி, முத்திரை வைத்தார். பட்டியலில் எழுதினார்: ‘சிரிப்பு, ஒன்று. பழையது. நல்ல நிலையில் உள்ளது.’ இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். பிச்சம்மாள் அவருக்கு மோர் கொடுத்தாள். நல்ல மனிதர், பாவம், அவர் என்ன செய்வார் என்று தெரு சொன்னது. நல்லிக்கோட்டையில் எல்லோரும் நல்ல மனிதர்கள்தான், யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஏலத் தேதி வரைக்கும் தூக்குச்சட்டி, ஜப்திப் பொருள்களை வைக்கிற கோர்ட்டு நாசர் அறையில் அலமாரிமேல் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் விசாரணை நடக்கும்போது, ‘என் கட்சிக்காரர் ஒரு அப்பாவி’ என்று எந்த வக்கீலாவது சொன்னால் மூடிக்குள் லேசாகச் செருமும். முதல் வாரம் எழுந்து பார்த்தார்கள். இரண்டாம் வாரம் பழகிவிட்டது. மூன்றாம் வாரம் வக்கீல்கள் பொய்களை மட்டும் தணிந்த குரலில் சொல்லக் கற்றுக்கொண்டார்கள், வேலை தடையில்லாமல் நடந்தது.

வெயிலுகந்தாளுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சுக்குள் ஓர் இடம் காலியாக, கூட்டிப் பெருக்கிய அறைபோலச் சுத்தமாக இருந்தது, அவ்வளவுதான். அடுத்த திங்கட்கிழமை தர்மக்கண்ணு, “இனிமே ஒரு மணி நேரம் முன்னாடி வந்துரு பிள்ள, அதுக்குத் தனியாச் சம்பளம் எல்லாம் கெடையாது” என்றார். சிரிப்பு வரவேண்டிய இடம் அது. அவள் வாயைத் திறந்தாள். “சரி முதலாளி” என்று வந்தது.

அவளே திரும்பிப் பார்த்தாள், யார் சொன்னது என்று.

அதன்பின் தினமும் வந்தது. கரண்டு பில் கூடிவிட்டது என்று கூலியில் பிடித்தார், சரி. அவர் வீட்டு வாசலும் தெளித்துக் கோலம் போட்டுவிடு என்றார், சரி. வரிசையில் பின்னால் நின்ற பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு ஆள், டப்பாவை எல்லோருக்கும் முன்னால் கொண்டுவந்து வைத்தான், சரி. மில்லுக்கு வரும் பெண்களுக்கும் ஏதோ கழன்றதுபோல் இருந்தது. அவள் சிரிக்கும்போது அவர்களும் கொஞ்சம் தோளை நிமிர்த்தி நின்றிருந்தார்கள் என்பது இப்போது முதுகு வலிக்கும்போதுதான் தெரிந்தது. “எங்கப்பாட்ட இருந்து வந்தது சிரிப்புன்னுதான் நெனச்சேன் மதினி” என்று ஒரு மதியம் பிச்சம்மாளிடம் சொன்னாள். “அதத்தான் முதுகெலும்பா வச்சு நின்னுக்கிட்டு இருந்திருக்கேன்.”

ஏலத்தன்று கோர்ட் வாசலில் டமாரம் அடித்தார்கள். ஊரே வந்திருந்தது. ஹெட்மாஸ்டரிடம் பத்தொன்பது வருஷமாகத் திட்டு வாங்கிய பள்ளிக்கூட கிளார்க், மாமியாரைப் பார்த்து ஒரே ஒரு தரம் சிரித்துவிட வேண்டும் என்று கொலுசை அடகு வைத்து வந்த மருமகள், மூன்று தேர்தல் தோற்ற ஒருவர், எல்லோரும் மடியில் பணத்தோடு நின்றார்கள். கூட்டத்துக்குப் பின்னால், கையில் ஒன்றும் இல்லாமல், வெயிலுகந்தாள் நின்றாள். ஏலம் கூறத் தொடங்கியதும் ஆவுடையப்பன் ஒரு தொகை சொன்னார், பெரிய தொகை இல்லை. பிறகு மெதுவாகத் திரும்பி, கிளார்க்கை ஒரு பார்வை, மருமகளை ஒரு பார்வை, தோற்றவரை ஒரு பார்வை பார்த்தார். மூன்று பேருக்கும் அவர் இரும்புப் பெட்டியில் ஆளுக்கொரு புரோநோட்டு இருந்தது. மூவரும் வெயில் அதிகமாக இருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்.

சட்டியை வாங்கிக்கொண்டு படியிறங்கியவரை வெயிலுகந்தாள் மறித்தாள்.

“அண்ணாச்சி, அத வச்சு என்ன செய்யப் போறிய?”

“என்ன செய்வாக? சிரிக்கப் போறேன்” என்றார் ஆவுடையப்பன். அவருக்கு வாழ்நாளில் இல்லாத சந்தோஷம். “ஒங்கப்பன் என்னையப் பாத்து ஒரு நாள் சிரிச்சான். நான் இனி ஊரையே பாத்துத் தினமும் சிரிப்பேன்.”

மறுநாள் காலை, வட்டி கட்ட வந்தவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்க, அவர்கள் கண்முன்னாலேயே அரக்கை உடைத்து, சட்டியை அண்ணாந்து வாயில் கவிழ்த்தார். கொஞ்சம் புரையேறியது. மீசையைத் துடைத்துக்கொண்டு, முதல் ஆளான தறிக்காரனைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். வரவில்லை. அவன் சட்டைக் கிழிசலைப் பார்த்தார், அப்போதும் வரவில்லை. சரி, தொழிலைப் பார்ப்போம் என்று நோட்டைப் பிரித்து, “இதுவரைக்கும் நீ கட்டுனதெல்லாம் வட்டிக்கே சரி, அசல் அப்படியே” என்றார்.

மூக்கில் செருமியது. சரளை சரிந்தது. ‘ஹா’ என்று நீண்டு நின்றது. ஆவுடையப்பன் குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார்.

பெஞ்சில் இருந்தவர்கள் முதலில் தரையைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர் மறுபடியும் நோட்டைப் பார்த்து, ‘அசல்’ என்றார், மறுபடியும் வந்தது. அந்தச் சிரிப்புக்கு முப்பது வருஷப் பழக்கம், எதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. ஆளை மாற்றலாம், அதன் ருசியை மாற்ற முடியவில்லை. கண்ணாடி முன் நின்று திருநீறு பூசும்போது சிரித்தது. கோயிலில் பரிவட்டம் கட்டும்போது சிரித்தது. அன்னதானத்துக்கு இவ்வளவு கொடுத்தார் என்று மைக்கில் பேர் சொன்னபோது சிரித்த சிரிப்பில் மைக்செட்காரனே நிறுத்திவிட்டான். வேறொரு கேஸில் சாட்சி சொல்லக் கூண்டேறி, ‘சொல்வதெல்லாம் உண்மை’ என்றதும் சிரிக்க, அதே நீதிபதி அவருக்கு அபராதம் போட்டார். பரசுராமன் பஸ் ஸ்டாண்டில் அவரைக் கண்டால் வெற்றிலைக் கடைக்குள் நுழைந்துகொண்டார்.

ஊர் இதையும் சுலபமாகச் செரித்தது. அண்ணாச்சிக்கு ஒரு மாதிரி சீக்கு என்றது. கடன் எல்லாம் ஒழிந்தது என்று யாரும் கூத்தாடவில்லை. அவர் மூத்த மகன் நோட்டையும் பெட்டியையும் தன் பக்கம் எடுத்துக்கொண்டு, அப்பாவைப் பின்கட்டில் உட்கார வைத்தான், ஊர் பெஞ்சை நகர்த்திப் போட்டுக்கொண்டு அவனிடம் வட்டி கட்டியது. பின்கட்டிலிருந்து சப்பாணிமுத்து சிரிப்பது கேட்கும். கேட்டுக்கொண்டே கட்டினார்கள். அந்த ஊர் அவ்வளவுதான்.

இதற்கிடையில் ஒரு வியாழக்கிழமை, தர்மக்கண்ணு ஒரு மூட்டைச் செங்கல்பொடியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, மில்லுக்குள் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, “சத்துணவுக்குப் போற வத்தல்பொடில இதக் கலந்துரு பிள்ள, பாதிக்குப் பாதி” என்றார்.

வெயிலுகந்தாள் வாயைத் திறந்தாள். சிரிப்பு இருந்த இடத்தைத் தேடினாள், அங்கே இல்லை. ‘சரி’ நாக்கு நுனிவரை வந்தது. அது அங்கே நிற்கும்போதே, கை போய் மிஷின் சுவிட்சை அணைத்தது. பட்டை ஓடி ஓடித் தளர்ந்து நின்றது. அந்த நேரத்தில் மில் ஓயாது என்பதால் தெருவில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள், டப்பாக்களோடு பெண்கள் வந்து வாசலில் நின்றார்கள். அவள் தர்மக்கண்ணுவைப் பார்த்தாள். கோபமில்லை. செருப்பில் எதையோ மிதித்துவிட்டு, அது என்னவென்று காலைத் தூக்கிப் பார்க்கிற பார்வை; நிதானமாக, தலையிலிருந்து கால் வரை, திரும்பக் காலிலிருந்து தலை வரை.

“பிள்ளைகள் திங்கிறது” என்றாள். “நீரே கலக்கும். மிஷினையும் நீரே ஓட்டும்.”

அதுவரை அவரை அவள் ‘நீரு’ என்று சொன்னதில்லை. தர்மக்கண்ணுவுக்கு மிஷினைப் போடவே தெரியாது. வாசலில் பெண்கள் டப்பாக்களைக் கீழே வைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவளுடைய அதே பார்வைதான், முதல் தடவை என்பதால் கொஞ்சம் கோணலாக. அவர் கூனிக்கொண்டு செங்கல்பொடி மூட்டையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார். பிடித்த கூலி சனிக்கிழமை திரும்பி வந்தது.

அந்த ஐப்பசியில் ஆவுடையப்பன் மில்லுக்கு வந்தார். பாதி ஆளாக இளைத்திருந்தார். கையில் முத்திரைத்தாளில் எழுதிய தானப்பத்திரம்; ஏலத்தில் எடுத்ததைக் கோர்ட் திரும்ப வாங்காது, பெறுகிறவள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் மட்டும் தானமாகத் தள்ளிவிடலாம் என்று எவனோ வக்கீல் சொல்லியிருந்தான்.

“தாயி, எடுத்துக்கோ. சும்மாவே தாரேன். கடனும் தள்ளியாச்சுன்னு இதுலயே எழுதியிருக்கு. இத வச்சுக்கிட்டு என்னால ஒரு வாய் சோறு மரியாதையாத் திங்க முடியல. நான் யோக்கியன்னு நெனச்சு முடிக்கல, அதுக்குள்ள” என்றார், அதற்குள் வந்துவிட்டது. செருமி, உருண்டு, நீளமாக.

வெயிலுகந்தாள் மிஷினை அணைத்தாள். அது அப்பாவேதான். மூட்டை இறக்கிவிட்டு வந்து வாசலில் துண்டை உதறுகிறபோது கேட்கிற அதே குரல். ஒரு கணம் பேனாவுக்குக் கை நீட்டிவிட்டாள். வரிசையில் நின்ற பிச்சம்மாள் எட்டிப் பார்த்தாள். நீட்டிய கையில் அவள் பத்திரத்தை மட்டும் வாங்கி, எழுத்துக்கூட்டி, கடைசி வரிவரை படித்தாள்.

“அண்ணாச்சி, எங்கப்பா ஒங்க வாயில நல்லா இருக்காரு” என்றாள். “முப்பது வருசம் நின்னுக்கிட்டே இருந்த மனுசன். இப்பத்தான் ஒக்கார எடம் கெடச்சிருக்கு. எழுப்பாதிய.”

“அப்ப ஒனக்கு வேண்டாமா?”

“எனக்கு எதுக்கு? நான் என் பாட்டைப் பாத்துக்கிட்டேன்.” அவரை மேலும் கீழுமாக ஒருதரம் பார்த்தாள். “அரைக்க ஏதாவது கொண்டாந்திருக்கியளா? இல்லேன்னா தள்ளி நில்லுங்க, பொறத்தால ஆளு நிக்கி.”

அவர் கும்பிட்டுக் கெஞ்ச வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து சப்பாணிமுத்து சிரித்தான். அவள் சுவிட்சைப் போட்டாள், பட்டை விறைத்து மிஷின் முழங்கியது. பிச்சம்மாள் அன்று டப்பா எடுத்து வர மறந்திருந்தாள். தானப்பத்திரம் நல்ல கெட்டித்தாள். அதில்தான் மல்லிப்பொடியைப் பொதிந்து கொண்டுபோனாள்.